விலை வேறு, மதிப்பு வேறு: ஒரு கணிப்பொறிக் கணக்கு

2020-ஆம் ஆண்டு பொங்கலன்று, செம்பூரில் என் அண்ணி வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அதைப் பாடமாக எழுதினால் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று சங்க நண்பர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். கணிப்பொறியின் உள்விவரம் எனக்கு அரைகுறைதான். ஆனால் ஒரு பொருளை வாங்கலாமா, வேண்டாமா என்று கணக்குப் போடத் தெரியும்.

அண்ணன் மகன் படத்தொகுப்பாளன். அந்தேரி ஸ்டூடியோக்களில் வேலை வாங்கி வந்து வீட்டு அறையிலேயே முடித்துக் கொடுப்பான். அவனுக்கு அப்போது புதிதாக வந்திருந்த மேக் புரோ கணிப்பொறி வேண்டும். அவன் கேட்ட அமைப்புக்கு மானிட்டர் இல்லாமலே ஏறத்தாழ ஏழு லட்சம் ரூபாய். கையில் அவ்வளவு இல்லை. அண்ணன் காலமானபோது வந்த பணிக்கொடையை அண்ணி வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டிருந்தார். அதை உடைக்கலாம் என்பது அவன் யோசனை.

“தம்பி, நீங்க சொல்றதுதான்” என்று அண்ணி பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்.

விலை ஏன் இவ்வளவு?

இந்தக் கணிப்பொறியை ஆப்பிள் நிறுவனம் 2019 ஜூன் 3-ஆம் தேதி சான் ஹோசே நகரில் அறிவித்தது. தொடக்க விலை 5,999 டாலர். அந்த விலைக்கு எட்டு உட்கருக்கள் கொண்ட ஸீயான் செயலி, 32 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பகம். மானிட்டர் தனியாக 4,999 டாலர். அதை நிறுத்தும் தாங்கி தனியாக 999 டாலர். தாங்கியின் விலையைச் சொன்னபோது அரங்கத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது. பெட்டியை உருட்டச் சக்கரம் வேண்டுமானால் இன்னும் 400 டாலர். எல்லா வசதிகளையும் உச்ச அளவில் சேர்த்தால் 50,000 டாலரையும் தாண்டியது.

“பகல் கொள்ளை” என்றேன்.

“இல்லை சித்தப்பா” என்றான் பையன். “இது வீட்டுக் கணிப்பொறி இல்லை. நினைவகத்தை 1.5 டெராபைட் வரை கூட்டலாம். எட்டு விரிவாக்க இடங்கள் இருக்கு. நினைவகத்தில் பிழை வந்தால் தானே திருத்திக்கொள்ளும். மத்த கம்பெனிக்காரங்ககிட்டயும் இதே தரத்துப் பணிநிலையம் மலிவா கிடைக்காது.”

விசாரித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். தொழிற்சாலை லாரியை வீட்டு ஸ்கூட்டரோடு ஒப்பிட்டு விலை அதிகம் என்பது நியாயமல்ல. ஆகவே “விலை அதிகமா?” என்ற கேள்வியை விட்டுவிட்டு, “இவனுக்கு அந்த மதிப்பு உண்டா?” என்ற கேள்விக்கு வந்தேன். லாரி நல்ல லாரிதான். ஏற்றுவதற்குச் சரக்கு இருக்கிறதா?

தாத்தாவின் தட்டச்சுப் பொறி

அவன் விடவில்லை. “தாத்தா இரண்டு மாசச் சம்பளம் கொடுத்து டைப்ரைட்டர் வாங்கலையா?” என்றான்.

வாங்கினார். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று பம்பாய்க்கு ரயிலேறிய ஆயிரக்கணக்கான தமிழர்களில் என் தந்தையும் ஒருவர். மாதுங்காவில் ஒண்டுக் குடித்தனத்தில் அந்தப் பழைய பொறி ராத்திரி பத்து மணி வரை தட்டிக்கொண்டிருக்கும். ஆனால் பையனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு வக்கீல் தினமும் மாலையில் தட்டச்சு வேலை தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் அப்பா கடன் வாங்கினார். வேலை முதலில் வந்தது, பொறி பின்னால் வந்தது.

இதைச் சொன்னதும் பையன் கொஞ்சம் யோசித்தான். “சரி சித்தப்பா, எப்படிக் கணக்குப் போடுவீங்க?” என்று கேட்டான்.

ஒரு மாத நோட்டுப் புத்தகம்

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். பழைய கணிப்பொறி உன்னை எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது என்று ஒரு மாதம் எழுது என்றேன். உண்மையாக எழுதினான். மாத முடிவில் காத்திருப்பு 31 மணி. ஆனால் அதில் 19 மணி, இரவில் ரெண்டரிங் ஓடவிட்டு அவன் தூங்கிய நேரம். அது நட்டமல்ல. உண்மையான நட்டம் 12 மணி. அவனது சராசரி வருமானம் மணிக்கு 700 ரூபாய். ஆகவே மெதுவான பொறியால் மாத நட்டம் 8,400 ரூபாய்.

இனி மேக் புரோவின் மாதச் செலவு. நான்கு ஆண்டு உழைக்கும், பிறகு ஒன்றரை லட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்துக்கொண்டேன். தேய்வது ஐந்தரை லட்சம். 48 மாதத்துக்குப் பிரித்தால் 11,458 ரூபாய். ஏழு லட்சத்துக்கு அண்ணி பெற்றுவந்த 7 விழுக்காடு வட்டி போய்விடும்; அது மாதம் 4,083. கூட்டினால் 15,541 ரூபாய். பன்னிரண்டு மணியும் முழுதாக மிச்சமானாலும் வரவு 8,400 தான்.

“வரியில் கழியுமே?” என்றான். கணிப்பொறிக்கு ஆண்டுத் தேய்மானம் 40 விழுக்காடு என்பது உண்மை. ஆனால் அவன் வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறையில் இருந்தான். அந்த முறையில் தேய்மானத்தைத் தனியே கழிக்க முடியாது. 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் அப்படியே. பதிவு பெற்றவர்கள் அதைத் தாங்கள் கட்டும் வரியில் ஈடுசெய்துகொள்ளலாம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருந்ததால் அவன் பதிவு செய்திருக்கவில்லை. பெரிய ஸ்டூடியோவுக்குக் குறையும் விலை, இவனுக்குக் குறையாது.

இன்னொரு கணக்கு. அவனுக்கு அப்போது மாதம் பத்து நாள்தான் வேலை. எட்டு மணி வீதம் 80 மணி. அந்தப் பொறி மணிக்கு 194 ரூபாய் தின்னும். மாதம் 25 நாள் வேலை இருப்பவருக்கு அதே பொறி மணிக்கு 78 ரூபாய்தான். பொறியின் விலை இருவருக்கும் ஒன்றே; மதிப்பு இரண்டரை மடங்கு வித்தியாசம்.

பிறகு லாமிங்டன் சாலையில் இரண்டரை லட்சத்துக்கு அசெம்பிள் செய்த கணிப்பொறி ஒன்றைப் பார்த்தோம். நான்கு ஆண்டுக்குப் பின் ஐம்பதாயிரம் தேறும் என்றால் வட்டியோடு மாதச் செலவு 5,625. அது 9 மணி மிச்சப்படுத்தினால் வரவு 6,300. இது தேறுகிறது. அவனிடம் இருந்த ஒரு லட்சத்தோடு மீதியை நான் கைமாற்றாகக் கொடுத்தேன். அண்ணியின் வைப்பு நிதியைத் தொடவில்லை.

பின்னால் நடந்தது

பிப்ரவரி கடைசியில் பொறி வந்தது. மார்ச்சில் ஊரடங்கு. படப்பிடிப்புகள் நின்றன. மாதக்கணக்கில் அவனுக்கு வேலை இல்லை. அந்த நாட்களில் வீடு நடந்தது வைப்பு நிதியின் வட்டியில். ஜூன் 22-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம், இன்டெல் செயலிகளை விட்டுச் சொந்தச் செயலிகளுக்கு மாறப்போவதாக அறிவித்தது. பல ஆண்டு உழைக்கும் என்று ஆறு மாதம் முன்பு வாங்கியவர்கள் திகைத்தார்கள்.

இதையெல்லாம் நான் முன்கூட்டியே கண்டேன் என்று சொன்னால் அது பொய். ஊரடங்கு எனக்கும் தெரியாது. கணக்கு வருங்காலத்தைக் காட்டாது. வருங்காலம் கெட்டாலும் தாங்கும் அளவுக்கு நம்மை நிறுத்தும்.

என் பக்கத்திலும் தவறு உண்டு. பொறி நடுவில் நின்றுபோனால் எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரின் நம்பிக்கை போகும் என்று அவன் சொன்னதை நான் ஏட்டில் ஏற்றவே இல்லை. 2021-இல் அசெம்பிள் பொறி ஒரு நள்ளிரவில் நின்றது. ஒரு நல்ல வேலை கைநழுவியது. ரூபாயில் எழுத முடியாததும் மதிப்புதான். அதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்க வேண்டும்.

2022 மார்ச்சில் 1,999 டாலர் தொடக்க விலையில் மேக் ஸ்டூடியோ வந்தது. அப்போது அவனுக்கு மாதம் முழுதும் வேலை. பழைய நோட்டுப் புத்தகத்தை அவனே எடுத்துக் கணக்குப் போட்டு, சொந்தப் பணத்தில் வாங்கினான். என்னைக் கேட்கவில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சி.

நினைவில் வைக்க

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறள், போவது, வருவது, பின்னர் நிற்கும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செய்யச் சொல்கிறது. நம் பிள்ளைகள் விலையுயர்ந்த தொழிற்கருவி கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே கொடுக்கவும் வேண்டாம். அவர்களோடு உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்:

1. இந்தக் கருவிக்கான வேலை கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வர வேண்டுமா?
2. மாதம் எத்தனை மணி நேரம் இது ஓடும்? மணிக்கு என்ன செலவு?
3. வட்டி, வரி, விற்கும்போது தேறும் தொகை மூன்றையும் சேர்த்தாயிற்றா?
4. கருவி பழுதானால் போகும் நல்ல பெயருக்கு என்ன ஏற்பாடு?
5. ஆறு மாதம் வேலை இல்லாமல் போனாலும் அடுப்பெரியுமா?

ஐந்தாவது கேள்விக்கு “ஆம்” என்று சொல்ல முடிந்தால், மற்ற நான்கையும் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.