காது கேட்காத எலியும் அப்பாவின் கேள்வியும்



இந்த வார எபிசோடில் கோடில் பிழை தேடுவதைப் பற்றிக் கதைத்தோம். முடிவில் நான், "எனக்கு ஆகப் பிடித்த பிழைதேடல் கம்ப்யூட்டரில் நடந்ததில்லை, எலியில் நடந்தது" என்று சொல்லிவிட்டு நேரம் போதாமல் நிறுத்திவிட்டேன். அந்தக் கதை இதோ. அதுக்கு முதல் ஒரு வீட்டுக் கதை.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. இரண்டு நாளில் அது இரத்தத்துக்குப் போய்விட்டது. லண்டனில் ஒரு ஆஸ்பத்திரி, தீவிர சிகிச்சைப் பிரிவு, இரவு இரண்டு மணி. டாக்டர் சொல்வதை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியது நான். உங்களில் பாதிப் பேருக்கு இந்த வேலை தெரியும். எட்டு வயதிலிருந்து செய்கிற வேலைதானே.

டாக்டர் சொன்னார்: "மருந்து கிருமியைக் கொன்றுகொண்டிருக்கிறது. இப்போது எங்களுக்குப் பிரச்சினை கிருமியைவிட, அவருடைய உடம்பு அதற்குக் காட்டும் எதிர்ப்பு."

அப்பா கேட்டார்: "கிருமி சாகுது எண்டா இவ ஏன் இன்னும் மோசமாகிறா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "மருந்து வேலை செய்யுது அப்பா" என்று மட்டும் சொன்னேன். அது மொழிபெயர்ப்பு இல்லை, சமாளிப்பு. அம்மா பிழைத்து வந்துவிட்டா. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் புரூஸ் பாய்ட்லரின் பெயரை முதல் தடவை பார்த்தேன்.

செத்த கிருமியும் கொல்லும்

அப்பாவின் கேள்வி பழைய கேள்வி. 1892 அளவில் பெர்லினில் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஆய்வாளர் காலராக் கிருமிகளைக் கொன்றுவிட்டு, அந்தச் செத்த கிருமிகளை கினிப் பன்றிகளுக்கு ஏற்றினார். அவை இறந்தன. கிருமியின் உடம்பிலேயே ஏதோ ஒரு நஞ்சு இருக்கிறது என்று முடிவு செய்து அதற்கு எண்டோடாக்ஸின் என்று பெயர் வைத்தார். ஈ.கோலை போன்ற பல பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள் அது. இன்று எல்பிஎஸ் என்கிறோம்.

ஆனால் எல்பிஎஸ் நேரடியாக எதையும் எரிப்பதில்லை. அப்படியானால் எப்படிக் கொல்கிறது?

பாய்ட்லர் 1957இல் சிக்காகோவில் பிறந்த டாக்டர். 1985இல் நியூயோர்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆந்தனி செராமியின் ஆய்வுக்கூடத்தில் அவர் ஒரு புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார். எல்பிஎஸ் பட்டதும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் வெளியே விடும் புரதம் அது. இன்றைய பெயர் டிஎன்எஃப். அந்தப் புரதத்தைத் தடுத்த எலிகள், எல்பிஎஸ் ஏற்றியபோது முன்போல அவ்வளவாக இறக்கவில்லை. அதாவது எலியைக் கொன்றதில் பெரிய பங்கு எலியின் சொந்தப் புரதத்துக்கு இருந்தது.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலின் முதல் பாதி இது. கிருமி செத்தாலும் அதன் சுவர்த் துண்டுகள் இரத்தத்தில் இருக்கும். அதைப் பார்த்துக் காவல் செல்கள் கூச்சல் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கூச்சலில்தான் இரத்தக் குழாய்கள் கசிந்து, பிரஷர் விழுந்து, சிறுநீரகம் நிற்கும்.

எல்பிஎஸ்ஸைக் கேட்பது யார்?

வெளியே வரும் செய்தி தெரிந்துவிட்டது. ஆனால் செல்லின் எந்தக் காது எல்பிஎஸ்ஸைக் கேட்கிறது என்று தெரியவில்லை. இங்கேதான் எங்கள் பிழைதேடல் வருகிறது.

சி3எச்/ஹெச்ஈஜே என்று ஒரு எலி வம்சம் இருந்தது. சாதாரண எலியைக் கொல்லும் அளவு எல்பிஎஸ் ஏற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இது 1960களிலேயே தெரியும். ஏதோ ஒரே ஒரு ஜீனில் பிழை, அது 4ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்பதும் 1970களில் தெரியும். எந்த ஜீன் என்பதுதான் தெரியாது.

உங்களில் புரோகிராம் எழுதுபவர்களுக்கு 'கிட் பைசெக்ட்' தெரிந்திருக்கும். நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை என்றால், இடையில் உள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துப் பிரித்துப் பிழையான இடத்துக்கு வருவோம். பாய்ட்லர் 1993இல் டாலஸில் தொடங்கியது கிட்டத்தட்ட அதுதான். பிழையுள்ள எலியையும் நல்ல எலியையும் சேர்த்துக் குட்டி எடுப்பது. ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் துண்டு மாறும். ஒவ்வொரு குட்டியிலும் இரண்டைப் பார்க்க வேண்டும்: எல்பிஎஸ் கேட்கிறதா? எந்தத் துண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? பொருந்தாத துண்டுகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் பிழையுள்ள இடம் சிறிதாகும்.

கேட்க இலகு. செய்ய 2,000க்கும் மேற்பட்ட எலிகளும் ஐந்து வருடங்களும் தேவைப்பட்டன. அப்போது எலியின் முழு மரபணு வரிசை கையில் இல்லை. முதல் வரைவு வந்ததே 2002இல். ஆகவே சுருங்கிய இடத்திலும் இலட்சக்கணக்கான எழுத்துகளைத் தாங்களே படிக்க வேண்டியிருந்தது. மற்ற ஆய்வுக்கூடங்களும் அதே ஜீனைத் தேடின. 1998இல், முடிவு கைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், அவருக்கு நிதி தந்துவந்த அமைப்பு இனித் தருவதில்லை என்று அறிவித்துவிட்டது.

அதே வருடம் செப்டம்பரில் பிழை அகப்பட்டது. பாய்ட்லரும் அலெக்ஸாண்டர் பொல்டோராக்கும் சக ஆய்வாளர்களும் டிசம்பரில் அதை வெளியிட்டார்கள். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தில் 712ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின். அந்த ஜீனின் பெயர் டிஎல்ஆர்4. காது செல்லுக்கு வெளியே ஒழுங்காக நிற்கிறது. பிழை செல்லுக்கு உள்ளே இருக்கும் பகுதியில். மணி அடிக்கிறது, ஆனால் வயர் அறுந்திருக்கிறது.

பெயரைப் பார்த்ததும் பலருக்குப் பொறி தட்டியது. 1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் யூல்ஸ் ஹோஃப்மனின் குழு, 'டோல்' என்ற ஜீன் பழுதான பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் செத்துப்போவதைக் காட்டியிருந்தது. டிஎல்ஆர் என்றால் டோல் போன்ற ஏற்பி. ஈக்கும் எலிக்கும் எங்களுக்கும் கிருமியைக் கண்டுபிடிக்க ஒரே குடும்பத்துக் கருவி! நாங்கள் கற்றுக்கொண்டு வளர்க்கும் எதிர்ப்புச் சக்தி இல்லை இது. பிறக்கும்போதே கூட வருவது. 2011இல் இருவருக்கும் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மற்றப் பாதி ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு.

காது கேட்காமல் இருந்தால் நல்லதுதானே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்த எலிக்கு எல்பிஎஸ் ஏற்றினால் ஒன்றும் ஆகாதே, பிறகென்ன?

ஆனால் அதே எலிக்கு உயிருள்ள சால்மொனெல்லாக் கிருமி கொஞ்சம் போனாலே போதும், செத்துவிடும். கிருமி பெருகுவது தெரிவதே பிந்தித்தான். அம்மாவைக் கொல்லப் பார்த்த கூச்சலும், எங்களை ஒவ்வொரு நாளும் காப்பாற்றும் கூச்சலும் ஒரே வாயிலிருந்து வருபவை.

இதனால்தான் மருந்து செய்வது இவ்வளவு கஷ்டம். டிஎல்ஆர்4ஐ அடைக்கும் எரிட்டோரன் என்ற மருந்தைப் பெரிய அளவில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2013இல் வந்த முடிவில் உயிரிழப்பு குறையவில்லை. டிஎன்எஃப்ஐத் தடுக்கும் மருந்துகளும் செப்சிஸில் கைகொடுக்கவில்லை, ஆனால் முடக்குவாதத்தில் இலட்சக்கணக்கானோருக்கு உதவுகின்றன. ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது கூச்சல் எப்போதோ பரவிவிட்டது என்பது ஒரு காரணம்.

மறுபக்கம், அந்தக் காதை வேண்டுமென்றே தட்டியும் பயன் எடுக்கிறார்கள். எல்பிஎஸ்ஸின் நஞ்சைக் குறைத்து எடுத்த எம்பிஎல் என்ற பொருள் 'செர்வாரிக்ஸ்' தடுப்பூசியில் இருக்கிறது. 2009இல் பள்ளிக்கூட ஹாலில் வரிசையில் நின்று நான் போட்டுக்கொண்டது அதுதான். அன்று கை வலிக்குது என்று இரண்டு நாள் வீட்டில் முனகினேன். அந்த வலியில் என் டிஎல்ஆர்4க்கும் பங்கு இருந்திருக்கும்.

போன மாதம் இதையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப காவல்காரன்தான் வீட்டைக் கொளுத்தினவனோ?" என்றார்.

"ஓம் அப்பா. ஆனா அவன் இல்லாட்டிக் கள்ளன் வந்ததே தெரிஞ்சிராது."

உங்களுக்கு ஒரு வேலை

இந்த வாரம் வீட்டில் 'செப்சிஸ்' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். தொற்று இருக்கும் ஒருவருக்குத் திடீரென்று பேச்சுத் தடுமாறினால், குழப்பமாக இருந்தால், மூச்சு வேகமானால், நாள் முழுக்கச் சிறுநீர் போகாவிட்டால், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறினால் காத்திருக்க வேண்டாம். உங்கள் நாட்டின் அவசர எண்ணை அழைத்து, "இது செப்சிஸாக இருக்குமா?" என்று நேரே கேளுங்கள். அம்மாவுக்கு அந்தக் கேள்வியை நாங்கள் ஒரு நாள் பிந்தித்தான் கேட்டோம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.