அமிலம் வாங்கும் முன் ஒரு கணக்கு

மட்டி, ஆளி, சிப்பி ஓடுகள் கரையில் சும்மாதானே கிடக்கின்றன, அவற்றிலிருந்து கைட்டினும் புரதமும் பிரித்து விற்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிரிக்கலாம். கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

இந்த ஓடுகளில் பெரும்பாலும் 95 விழுக்காட்டுக்கு மேல் கால்சியம் கார்பனேட். கரிமப் பொருள் 1 முதல் 5 விழுக்காடு, அதிலும் பெரும்பங்கு புரதம். ஒரு கிலோ கார்பனேட்டைக் கரைக்க, 33 விழுக்காட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 2.2 கிலோ வேண்டும். 440 கிராம் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வெளியேறும். கடைசியில் வடிகட்டியில் தங்குவது சில பத்து கிராம். புரதம்தான் வேண்டுமென்றால் இந்த அமிலமே ஆகாது, புரதத்தையும் சிதைத்துவிடும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், குளிரில், நாள்கணக்கில் பொறுமையாகக் கரைக்க வேண்டும். ஆய்வகத்துக்குச் சரி, தொழிலுக்கு ஆகாது. ஓடுகளைச் சுண்ணாம்புக் காளவாய்க்கோ கோழித் தீவனத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.

கைட்டின்தான் குறி என்றால் கணவாய்ப் பக்கம் திரும்புங்கள். கணவாயும் சிப்பி இனத்தின் உறவுதான். ஊசிக் கணவாயைச் சுத்தம் செய்யும்போது கண்ணாடி போன்ற ஒரு தண்டை உருவி எறிகிறார்களே, அது உள்ளே ஒடுங்கிப்போன ஓடு. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கைட்டின், மீதி பெரும்பாலும் புரதம். சுண்ணம் மிகக் குறைவு என்பதால் அமிலச் செலவு அநேகமாக இல்லை. ஓட்டுக் கணவாயின் ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பது, இதற்கு உதவாது, அதுவும் சுண்ணம்தான்.

தண்டுகளை அன்றன்றே கழுவிக் காயவையுங்கள், நாறவிட்டால் நிறம் கெடும். பொடியாக வெட்டி, 4 விழுக்காட்டுக் காஸ்டிக் சோடாக் கரைசலில் 80 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்தால் புரதம் கரைந்து போகும். கரைசலை ஒருமுறை மாற்றி, சோடா முழுக்கப் போகும்வரை அலசுங்கள். எஞ்சும் வெள்ளை கைட்டின். அதையே 40 விழுக்காட்டுச் சோடாவில் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் கைட்டோசான். இறால் ஓட்டுக் கைட்டினைவிட இது எளிதில் மாறும்.

அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சோடா அதை அரித்து எரியும் வாயுவைக் கிளப்பும். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும்; மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். கழிவுநீரை நடுநிலைப்படுத்தாமல் சாக்கடையில் விடாதீர்கள்.

முதலில் 100 கிராமில் செய்து, கிடைத்த கைட்டோசானை 1 விழுக்காட்டு அசிட்டிக் அமிலத்தில் போட்டுப் பாருங்கள். முழுதும் கரைந்து பிசுபிசுப்பானால் சரக்கு தேறிவிட்டது. துணுக்குகள் நின்றால், அடுத்த முறை 40 விழுக்காட்டுச் சோடாவில் இன்னும் கொஞ்ச நேரம் கூட்டுங்கள்.