டேட்டாபேஸ் திணறும்போது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தீபாவளிக்கு முந்தைய வாரம். ஒரு ஜவுளிக்கடையின் பில் கவுண்டர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வரிசை வாசல்வரை போய்விட்டது. போனில் முதலாளி. நான் சர்வருக்குள் நுழைவதற்குள் அங்கிருந்த தம்பி ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஓடத் தொடங்கியது. "பார்த்தீங்களா சார், ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும்" என்றார். மறுநாள் மதியம் அதே நேரம், அதே கதை.

டேட்டாபேஸ் வேலையில் உலவும் தவறான நம்பிக்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. யாரும் பொய் சொல்லிப் பரப்பியவை இல்லை. ஒருமுறை பலித்துவிட்டது, அதனால் வேர்விட்டுவிட்டது. சீனியர் ஜூனியருக்குச் சொல்ல, ஜூனியர் அடுத்த அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறார். இருபது வருடமாக நான் பார்த்துவரும் இவற்றில், அதிகச் சேதம் செய்பவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்"

ஜவுளிக்கடையில் மூன்றாம் நாள் ரீஸ்டார்ட் செய்யவிடாமல் தடுத்து, முதலில் பார்த்தேன். அங்கே ஓடியது போஸ்ட்கிரஸ். யார் யார் இணைந்திருக்கிறார்கள், எந்தக் குவெரியில் நிற்கிறார்கள் என்பதை பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூ காட்டிவிடும். மைஎஸ்கியூஎல் என்றால் ஷோ பிராசஸ்லிஸ்ட். பார்த்தால், கவுண்டர்கள் எல்லாம் ஒரே வரிக்காகக் காத்திருந்தன. அடுத்த பில் எண் எது என்று வைத்திருக்கும் டேபிளின் ஒற்றை வரி அது. அதைப் பூட்டி வைத்திருந்த இணைப்பு எந்த வேலையும் செய்யவில்லை. அதன் நிலை "ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்" என்று இருந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் எண்ணைத் திருத்திப் பார்த்துவிட்டு, கமிட்டும் கொடுக்காமல் ரோல்பேக்கும் கொடுக்காமல் சாப்பிடப் போயிருந்தார். தினமும் மதியம்தான் அவர் அந்த வேலையைச் செய்வார்.

ரீஸ்டார்ட் பலித்ததன் காரணம் இவ்வளவுதான்: எல்லோருடைய இணைப்பையும் துண்டித்தபோது அவருடையதும் துண்டானது. கூடவே, யார் பூட்டினார் என்ற தடயமும் போய்விட்டது. பூட்டியவரைக் காட்டித்தர 9.6ஆம் பதிப்பிலிருந்து பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அந்த ஒரு இணைப்பை மட்டும் நிறுத்த பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் இருக்கிறது. டிரான்ஸாக்ஷனைத் திறந்துவைத்துவிட்டுப் போகிறவர்களின் இணைப்பை இத்தனை நிமிடத்துக்குப் பிறகு துண்டித்துவிடு என்று சொல்லும் செட்டிங்கும் அதே பதிப்பில் வந்தது. நாமாக நேரம் குறிக்காதவரை அது இயங்காது.

ரீஸ்டார்ட்டுக்கு விலையும் உண்டு. அடிக்கடி தேவைப்படும் பக்கங்களை டேட்டாபேஸ் நினைவகத்தில் வைத்திருக்கும். ரீஸ்டார்ட்டில் அந்தச் சேமிப்பு காலியாகிவிடும். பிறகு ஒவ்வொன்றையும் டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டியிருப்பதால் சிறிது நேரம் இன்னும் மந்தமாக இருக்கும். அதைப் பார்த்து மறுபடி ரீஸ்டார்ட் செய்தவர்களும் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் இரண்டு மணி நேரம் ஓடிய பெரிய அப்டேட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, ரோல்பேக் முடியவில்லையே என்று சர்வரை அணைத்தால் தப்பிக்க முடியாது. இன்னோடிபி மறுபடி எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து ரோல்பேக்கைத் தொடரும்.

"இண்டெக்ஸ் போட்டால் வேகம் வந்துவிடும்"

வரலாம். ஆனால் இண்டெக்ஸ் இருந்தும் மந்தமாக ஓடும் குவெரிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. மைஎஸ்கியூஎல்லில் நான் அடிக்கடி பார்ப்பது கைப்பேசி எண் விவகாரம். அந்த எண் இருக்கும் காலம் (நெடுவரிசை) வார்ச்சார் வகை, அதன்மேல் இண்டெக்ஸும் இருக்கிறது. குவெரி எழுதியவர் எண்ணுக்கு மேற்கோள் குறி போடாமல் விட்டுவிட்டார். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட வேண்டி வந்தால் மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியிலும் உள்ள எழுத்தை எண்ணாக மாற்றித்தான் பார்க்கும். இண்டெக்ஸ் சும்மா கிடக்கும். டேபிளில் ஆயிரம் வரிகள் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. பத்து லட்சம் ஆனதும் சர்வர் பழசாகிவிட்டது என்பார்கள். இரண்டு மேற்கோள் குறிகள் போட்டால் தீர்ந்தது. இப்படித்தான் தேதிக் காலத்தை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டாலும், சொல்லின் நடுப்பகுதியைக் கொண்டு லைக் போட்டுத் தேடினாலும் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்க்காமல் ஆறாவது இண்டெக்ஸைச் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு இன்சர்ட்டும் அத்தனை இண்டெக்ஸுகளிலும் எழுதியாக வேண்டும்.

"இணைப்புகள் போதவில்லை, எண்ணிக்கையை ஏற்று"

போஸ்ட்கிரஸில் ஆரம்ப அளவு 100, மைஎஸ்கியூஎல்லில் 151. அதை 2000 ஆக்குவது ஒரு வரி வேலை. ஆனால் போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு தனி பிராசஸ். எட்டு கோர் உள்ள சர்வரில் இரண்டாயிரம் பேர் ஒரே சமயம் ஓட முடியாது. ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். பெரும்பாலும் மந்தமான ஒரு குவெரிதான் இணைப்புகளைப் பிடித்து வைத்திருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு, முன்னால் பிஜிபவுன்சர் போன்ற ஒரு பூலரை வைப்பதுதான் வழி.

"டிஸ்க் நிறைந்துவிட்டதா, லாக் ஃபைல்களை அழி"

இந்த நம்பிக்கை உயிரையே வாங்கக்கூடியது. போஸ்ட்கிரஸின் டேட்டா டைரக்டரியில் முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயரைப் பார்த்து ஏதோ பழைய லாக் என்று நினைத்து அதை அழித்தவர்கள் உண்டு. உண்மையில் டேட்டாபேஸ் செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் எழுதப்படுவது அங்கேதான்; அது போனால் டேட்டாபேஸ் எழுந்திருக்காமலே போகலாம். இந்தக் குழப்பத்தாலேயே 2017இல் வந்த பத்தாம் பதிப்பில் அதன் பெயரை பிஜி_வால் என்று மாற்றினார்கள். அது ஏன் பெருத்தது என்று பாருங்கள். பல சமயம், எப்போதோ கழற்றிப் போட்ட ரெப்ளிகாவுக்காக ஒதுக்கிய ரெப்ளிகேஷன் ஸ்லாட் இன்னும் காத்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்லாட்டை நீக்கினால் ஃபைல்களை டேட்டாபேஸே அப்புறப்படுத்திக்கொள்ளும்.

பழைய வரிகளை டெலீட் செய்தால் இடம் திரும்பும் என்பதும் இதன் உடன்பிறப்புதான். போஸ்ட்கிரஸ் அழித்த வரியை உடனே எடுத்துவிடாது. பிறகு ஆட்டோவேக்யூம் வந்து அந்த இடத்தைப் புது வரிகளுக்கு ஒதுக்கிவைக்கும். ஃபைல் பெரும்பாலும் சுருங்காது. சுருக்கியே ஆகவேண்டும் என்று வேக்யூம் ஃபுல் கொடுத்தால், அது டேபிளை முழுவதுமாகப் பூட்டிவிட்டு இன்னொரு பிரதி எழுதும். நிறைந்துபோன டிஸ்க்கில் அந்தப் பிரதிக்கு இடம் ஏது?

"தமிழ் தெரியவில்லை என்றால் ஃபான்ட் பிரச்சினை"

இதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் அலுவலகங்களில் தமிழ்ப் பெயர்கள் பாழாவதை இன்றும் பார்க்கிறேன்.

திரையில் தமிழுக்குப் பதிலாக இரண்டு விதமான சிதைவுகள் தெரியும். ஒன்று, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் கன்னாபின்னாவென்று வருவது. பெரும்பாலும் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, தவறான முறையில் படிக்கப்படுகின்றன என்று பொருள். மைஎஸ்கியூஎல்லில் அந்த நெடுவரிசையை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, பிறகு சரியான எழுத்துக் குறியாக்கத்துக்குக் கொண்டுவந்தால் பல சமயம் மீட்டுவிடலாம். இரண்டாவது, வரிசையாகக் கேள்விக்குறிகள். டேபிளிலேயே அப்படி இருந்தால், தமிழே இல்லாத குறியாக்கத்துக்கு மாற்றப்பட்டபோது ஒவ்வொரு எழுத்தும் தூக்கி எறியப்பட்டுவிட்டது. எந்த ஃபான்ட்டாலும் அதை மீட்க முடியாது. முதல் கேள்விக்குறியைப் பார்த்த அன்றே பதிவேற்றத்தை நிறுத்துங்கள்.

மைஎஸ்கியூஎல்லின் "யூடிஎஃப்8" ஒரு எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று பைட்டுகள்தான் கொள்ளும். தமிழ் எழுத்துக் குறிகள் சரியாக மூன்று பைட்டுகள். அதனால் வருடக்கணக்கில் எல்லாம் நன்றாகவே ஓடும். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் கைகூப்பும் எமோஜியோடு ஒரு குறிப்பை அனுப்புவார். அதற்கு நான்கு பைட்டுகள் வேண்டும். சர்வரின் செட்டிங்கைப் பொறுத்து எரர் வரும், அல்லது எமோஜியிலிருந்து மீதி வாக்கியம் சத்தமில்லாமல் வெட்டுப்படும். எமோஜி நமக்கு எதற்கு என்பவர்களுக்கு இன்னொன்று: மா, காணி, முந்திரி போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்தன. அவற்றுக்கும் நான்கு பைட்டுகள்தான். பழைய நிலப் பத்திரங்களைப் பதிவேற்ற நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முழு யூனிகோடையும் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 என்ற குறியாக்கம் 2010லேயே வந்துவிட்டது. 2018இல் வெளியான 8.0 பதிப்பில் அதுவே இயல்பாகவும் ஆனது. பழைய டேபிள்களை நாம்தான் மாற்ற வேண்டும்.

இன்னொரு சிக்கல் தேடலில் வரும். "கோமதி" என்று தேடினால் பதிவு இல்லை என்கிறது. பட்டியலில் கண்ணெதிரே கோமதி இருக்கிறார். "கோ" என்பதை ககரமும் ஓகாரக் குறியுமாகச் சேமிக்கலாம். ககரம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று மூன்று துண்டுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. போஸ்ட்கிரஸின் சாதாரண ஒப்பீட்டில் இரண்டும் வேறு வேறு. 13ஆம் பதிப்பில் வந்த நார்மலைஸ் ஃபங்ஷன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். பதிவேற்றும்போதே அதைப் போட்டுவிடுவது நல்லது. ஆனால் "கௌரி"யை அதனால் காப்பாற்ற முடியாது. நம்மில் பாதிப் பேர் கெ எழுதி பக்கத்தில் ளகரம் தட்டி "கெளரி" என்கிறோம். யூனிகோடுக்கு அது உண்மையாகவே வேறு சொல். அதற்குத் தனியாகத் திருத்தல் விதி எழுதியே ஆகவேண்டும்.

நீளத்திலும் இதே ஏமாற்றம். மீனாட்சி என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடுக்கு எட்டுக் குறிகள், 24 பைட்டுகள். ஆரக்கிளில் வார்ச்சார்2 காலத்துக்கு 20 என்று கொடுத்தால், வேறு எதுவும் சொல்லாதவரை அது 20 பைட்டுகள். நான்கெழுத்துப் பெயர் இருபதில் அடங்காது என்று சர்வர் திருப்பி அனுப்பும்போது, தமிழையே அது ஆதரிக்கவில்லை என்று முடிவுகட்டி ஆங்கிலத்துக்கு மாறிய ஓர் அலுவலகத்தை நான் அறிவேன். நீளத்துக்குப் பின்னால் "சார்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் போதும்.

"ரெப்ளிகா இருக்கிறது, பேக்கப்பும் தினமும் ஓடுகிறது"

ரெப்ளிகா, முதன்மைச் சர்வரில் நடப்பதையெல்லாம் அப்படியே செய்யும். தவறுதலாக டேபிளை டிராப் செய்தால் அடுத்த நொடியே அங்கும் டிராப் ஆகும். வன்பொருள் பழுதுக்கு அது துணை. மனிதக் கைத்தவறுக்கு இல்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை, அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டார்கள். ரெப்ளிகா பின்தங்கிவிட்டது என்று அதன் டேட்டாவைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுவ ஒரு பொறியாளர் இரவில் போராடிக்கொண்டிருந்தார். அழிக்கும் கட்டளையை முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போய்விட்டது. சரி, பேக்கப் இருக்கிறதே? தினமும் ஓடிய பிஜி_டம்ப், சர்வரின் பதிப்பு 9.6 ஆகவும் தன் பதிப்பு 9.2 ஆகவும் இருந்ததால் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்புநர் சரிபார்ப்பில் சிக்கித் திருப்பப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. கடைசியில் கைகொடுத்தது, சோதனைச் சர்வருக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போயின: ஏறத்தாழ 5000 புராஜெக்டுகள், 5000 கமெண்டுகள், 700 புதிய பயனர் கணக்குகள்.

அந்தப் பொறியாளர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நடு இரவில் இரண்டு கருப்புத் திரைகள் ஒரே மாதிரி இருக்கும்போது எந்தக் கையும் தவறும். அந்தக் கையைத் தாங்கத்தான் பேக்கப் இருக்கிறது. அது தாங்குமா என்று யாரும் ரெஸ்டோர் செய்து பார்க்கவில்லை.

மாதம் ஒருமுறையாவது, முதன்மைச் சர்வரோடு தொடர்பில்லாத ஒரு மெஷினில் நேற்றைய பேக்கப்பை ரெஸ்டோர் செய்யுங்கள். கடைசி பில் எண் நேற்றைய ரசீதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முக்கியமான நான்கைந்து டேபிள்களின் வரிகளை எண்ணுங்கள். தமிழ்ப் பெயர்கள் சில திறந்து பாருங்கள், கௌரியும் கோமதியும் முழுதாக இருக்கிறார்களா என்று. எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கவுண்டர் நின்றுபோன நாளில் முதலாளி முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.