‘இல்லை’ என்றால், எங்கே தேடினாய்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

கணினி ‘இல்லை’ என்று சொன்னால் அதை எவ்வாறு பொருள் கொள்ள வேண்டும் என்பதை, நான் பட்ட அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் ஊர் ஆரம்பாக்கத்தை அடுத்த ஓர் ஏரியோரக் குப்பம். அப்பா பழவேற்காட்டு ஏரியில் வலை வைப்பவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலின் எந்தப் பகுதிக்குப் போகக் கூடாது, புயல் எப்போது வரும் என்பன போன்ற அறிவிப்புகள் இன்று அச்சிட்ட தாளின் படமாகக் கைபேசிக்கு வருகின்றன. நான் வீட்டில் இருந்தால் படித்துச் சொல்வேன். கல்லூரிக்கு வந்துவிட்டால், மாலை ரயிலில் நான் திரும்பும்வரை அப்பா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படித்து, குரலில் சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

எடுத்துக்கொண்ட பணி

எழுத்துணரும் மென்பொருள்களில் டெசராக்ட் புகழ்பெற்றது. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாக்கப்பட்டு, 2005இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. தமிழையும் படிக்கும். படித்ததைக் குரலாக்க ஈஸ்பீக் என்ற மற்றொரு மென்பொருள் உண்டு.

என்னிடம் இருப்பது என் பெரியப்பா மகளுக்குக் கிடைத்த அரசு விலையில்லா மடிக்கணினி. (இத்திட்டம் 2011இல் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.) சீனியர் ஒருவர் தந்த தகடுகளிலிருந்து அதில் டெபியன் 8 நிறுவியிருந்தேன். அத்தகடுகளில் டெசராக்டின் பழைய 3ஆம் பதிப்பே இருந்தது. நரம்பு வலை முறையில் எழுத்தை உணரும் 4ஆம் பதிப்பு எனக்குத் தேவைப்பட்டது. ஆகவே அதன் மூல நிரலைக் கொணர்ந்து நானே தொகுக்க முற்பட்டேன்.

முதல் ‘இல்லை’

மூல நிரலைத் தொகுப்பதற்கு முன் ‘கான்ஃபிகர்’ என்ற நிரலை ஓட்ட வேண்டும். தேவையான பிற நிரலகங்கள் கணினியில் உள்ளனவா என்று அது ஒவ்வொன்றாகச் சோதிக்கும். படக் கோப்புகளைத் திறக்க டெசராக்ட் நம்பியிருப்பது லெப்டோனிகா என்னும் நிரலகத்தை. லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை என்று கூறி, கான்ஃபிகர் நின்றுவிட்டது. ஆனால் லெப்டோனிகா என் கணினியில் இருந்தது! கோப்பையே என் கண்ணால் கண்டேன்.

இங்கே ஓர் உண்மையை அறிய வேண்டும். டெபியனில் ஒரு நிரலகம் பெரும்பாலும் இரண்டு பொதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று, ஏற்கெனவே தொகுத்த மென்பொருள் ஓடுவதற்கானது. மற்றொன்று, புதிதாகத் தொகுப்பதற்கானது. அதன் பெயர் ‘டெவ்’ என்று முடியும். தலைப்புக் கோப்புகளும், ‘பி.சி.’ என்று முடியும் சிறு விவரக் கோப்பும் இரண்டாவதில்தான் உள்ளன. அந்த விவரக் கோப்பு நம் கல்லூரி நூலகத்தின் அட்டவணை அட்டையைப் போன்றது. பதிப்பு எது, எந்த அலமாரி என்று அதுதான் சொல்லும். ‘பிகேஜி-கான்ஃபிக்’ என்னும் கருவி அட்டைகளை மட்டுமே புரட்டும். அலமாரிக்கு நடந்து போகாது. அட்டை இல்லையேல் புத்தகமும் இல்லை என்றே அது சொல்லும்.

இரண்டாம் ‘இல்லை’

டெவ் பொதியை நிறுவினேன். மீண்டும் அதே பிழை. இரண்டு நாள் சோர்ந்து போனேன். பிறகு கான்ஃபிகர் தன் சோதனைகளை எழுதி வைக்கும் ‘கான்ஃபிக்.லாக்’ என்ற கோப்பைத் திறந்தேன். திரையில் ஒரு வரியாகத் தெரிவதன் காரணம் அங்கே விரிவாக இருக்கிறது. வேண்டியது 1.74, இருப்பது 1.71 என்று தெளிவாக எழுதியிருந்தது. திரை சொன்னது ஒரே பிழை. காரணமோ இம்முறை வேறு.

புதிய லெப்டோனிகாவின் மூல நிரலைக் கொணர்ந்து, பழையதைக் கலைக்காமல் என் சொந்தக் கோப்பகத்தில் நிறுவினேன். அப்போதும் கான்ஃபிகர் 1.71 என்றே சாதித்தது. புதிய அட்டை இருக்கும் இடம் அதற்குத் தெரியாதல்லவா? ‘பிகேஜி கான்ஃபிக் பாத்’ என்ற சூழல் மாறியில் அந்த இடத்தின் பாதையை எழுதிய பிறகே சோதனை தேறியது.

எங்கள் ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை வைக்கலாம் என்பது வரிசைப்படி நடக்கும். வெறுங்கையோடு திரும்பும் நாளில் அப்பா, “ஏரியில இறாலே இல்ல” என்று சொன்னதில்லை. “இந்தப் பாட்டுல இல்ல” என்பார். கணினியின் ‘இல்லை’யும் அத்தகையதே. அது தேடிய இடத்தில் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

மூன்றாம் ‘இல்லை’

தொகுத்து நிறுவி, டெசராக்டை ஓட்டினேன். இப்போது டெசராக்டின் சொந்த நிரலகத்தையே காணவில்லை என்றது! தொகுக்கும்போது தேடுபவர் வேறு, ஓடும்போது தேடுபவர் வேறு. ஓடும்போது தேடும் ‘ஏற்றி’ தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. புதிதாக நிறுவியதை அதில் சேர்க்க ‘எல்டி-கான்ஃபிக்’ என்ற கட்டளையை ஒருமுறை இட வேண்டும். இட்டேன், ஓடிற்று.

சொல்லாமல் விட்ட ‘இல்லை’

அப்பாவின் கைபேசியில் இருந்த அறிவிப்புப் படத்தைக் கொடுத்தேன். ‘இந்தச் செயற்கூறு இல்லை’ என்று ஒரு வரி வந்தது. மூன்று பிழைகளையும் விட இதுவே என்னை அதிகம் அலைக்கழித்தது. ஏனெனில் இம்முறை எல்லாச் சோதனைகளும் தேறியிருந்தன.

டெசராக்டின் பதிப்பைக் கேட்கும் கட்டளையை இட்டால், லெப்டோனிகா எந்தெந்தப் பட நிரலகங்களுடன் தொகுக்கப்பட்டது என்ற பட்டியலும் வரும். அதில் ஜேபெக் இல்லை. கைபேசிப் படமோ ஜேபெக். காரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றேன். லெப்டோனிகாவின் கான்ஃபிகர் ஓடியபோதே, நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில், ஜேபெக் ‘இல்லை’ என்று ஒரு வரி போயிருந்தது. லெப்டோனிகாவுக்கு ஜேபெக் கட்டாயமன்று, விருப்பத் தேவை. கட்டாயத் தேவை இல்லையென்றால் கான்ஃபிகர் கூச்சலிட்டு நிற்கும். விருப்பத் தேவை இல்லையென்றால், அந்தத் திறனை விட்டுவிட்டுப் பேசாமல் மேலே போகும்.

ஜேபெக்கின் டெவ் பொதியை நிறுவி, லெப்டோனிகாவை மட்டும் துடைத்து மறுபடி தொகுத்தேன். அது ஓடும்போது இணையும் நிரலகம் ஆதலால் டெசராக்டை மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா கேட்டார்

அன்றிரவு கணினி அறிவிப்பை வாசித்தது. “இன்னாம்மா, தூங்கிக்கினே பேசறா மாதிரி கீதே” என்று அப்பா சிரித்தார். இரண்டு இடத்தில் எழுத்தும் பிசகியது. தேதியும் நேரமும் சரியாக இருந்தன. கடலுக்குப் போகும் நாளை ஓர் இயந்திரத்தின் சொல்லுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதால், படத்தை நானும் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். ஆயினும் மாலை ரயில் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

முடிவாக

மாணவ நண்பர்களே! நிரலகம் ‘இல்லை’ என்று கணினி சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். டெவ் பொதி இருக்கிறதா? பதிப்பு போதுமா? அது தேடும் பாதையில் உள்ளதா? தேடுவது தொகுக்கும் நேரத்திலா, ஓடும் நேரத்திலா? நான்குக்கும் விடை கிடைத்து, சோதனை தேறிய பின்னும் அதன் அறிக்கையை முழுவதும் படியுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதலாண்டில் வகுப்பில் புரியாதவற்றை நான் கேட்டதில்லை. கேட்டால் தெரியாதவள் என்று எண்ணுவார்களே என்று அஞ்சி, புரிந்ததுபோல் தலையசைத்து மேலே போனேன். செய்முறைத் தேர்வில் அது வெளிப்பட்டது. லெப்டோனிகா செய்ததும் அதுவே. கூச்சலிட்டு நின்ற கான்ஃபிகரைத்தான் நான் சபித்தேன். இரண்டில் எனக்கு நன்மை செய்தது அதுதான். ஆகவே இந்த ஆண்டு வகுப்பில் கை உயர்த்தி, “ஐயா, இது எனக்குப் புரியவில்லை” என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். ஆசிரியர் எவரும் இதுவரை கோபித்ததில்லை.