பழைய மரச்சாமான்களைச் செப்பனிட்டு வர்ணம் பூசுதல்

புதுக்கோட்டை ஜில்லா திருமெய்யம் தாலுகாவைச் சேர்ந்த ராயவரம், அரிமளம், கோனாபட்டு முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலேறி வந்த காலம் ஒன்றுண்டு. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அங்கு அவர்கள் நடத்திய தொழில் சீர்குலைந்தது. பிற்காலத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன; சில பிரித்து விற்கப்பட்டன. அவற்றிலிருந்த அலமாரி, பெட்டி, நாற்காலி, கட்டில் முதலியவை அண்டையிலுள்ள காரைக்குடியின் பழஞ்சாமான் கடைகளுக்குச் சென்று சேர்ந்தன. வேலைப்பாடு மிக்கவற்றை வெளியூரார் பெருவிலை கொடுத்துக் கொண்டுபோகின்றனர். கால் ஆடுவனவும், பலகை பிளந்தனவும், வர்ணம் உரிந்தனவும் எளியவர்க்கும் கட்டுப்படியாகும்.

இவற்றை வாங்குவோர் அநேகர் செய்யும் பிழை, முதலில் வர்ண டப்பாவைத் திறப்பதாகும். உளுத்த மரத்தின்மேலும் ஆடுகின்ற பூட்டின்மேலும் பூசிய வர்ணம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கொப்புளித்து உரியும். செலவிட்ட பணமும் அதனோடு போகும். வர்ணம் பூசுதல் கடைசி வேலை. அதற்குமுன் செய்ய வேண்டியவை கிரமமாகக் கீழே கூறப்படுகின்றன.

1. வாங்குமுன் சோதித்தல்

சாமானைக் கவிழ்த்து, வர்ணம் படாத அடிப்புறத்தைப் பார்த்தல் வேண்டும். மரத்தின் உட்பாகமாகிய வைரம் கருத்து உறுதியாயிருக்கும். வெளிப்பாகமாகிய வெளிறு வெளுத்து மிருதுவாயிருக்கும். தேக்கின் வைரத்தைப் பூச்சிகள் எளிதில் அணுகா, வெளிறைத் தின்னும். சிறு துளைகளிலிருந்து மாவுபோன்ற தூள் புதிதாய் உதிருமாயின், உள்ளே வண்டின் புழு உயிரோடிருப்பதாக அறிக. அத்தகைய சாமானை வீட்டினுள் வைத்தால் மற்ற மரங்களுக்கும் பரவக்கூடும். கோணூசி எளிதில் இறங்கும் பாகம் உளுத்துப்போனதாகும். அது காலோ சட்டமோ ஆயின் மாற்றியே ஆக வேண்டும். தச்சர் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே விலை பேசுதல் நலம்.

2. பழைய வர்ணத்தை நீக்குதல்

இதில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. முற்கால எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலப்பது வழக்கம். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி இந்தியாவில் 2016-இல் பிறப்பிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது. ஆதலால் அதற்கு முற்பட்ட வர்ணம் எதனையும் ஈயமுள்ளதாகவே கருதுதல் வேண்டும். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் தீங்கானது.

ஆகையால் அவ்வர்ணத்தை உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்த்தலும், நெருப்புக் காட்டிச் சுரண்டுதலும் கூடா. சாமானை வீட்டிற்கு வெளியே விரிப்பின்மேல் வைத்து, தூசி தடுக்கும் முகமூடி அணிந்து, நீரால் நனைத்து நனைத்துச் சுரண்டுதல் வேண்டும். குழந்தைகள் அருகில் வரலாகாது. செதிள்களைக் கிணற்றடியிலும் தோட்டத்திலும் கொட்டாமல் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துக. வர்ணம் பூசிய பழைய மரத்துண்டுகளை அடுப்பெரிக்கவே கூடாது. ஈயம் புகையிலும் சாம்பலிலும் கலந்து சமையலறைக்குள் வந்துவிடும்.

3. பூச்சிக்குப் பரிகாரம்

வர்ணம் நீங்கிய மரம் நிழலில் நன்கு உலர்ந்தபின், போராக்ஸ் 36 கிராமும் போரிக் ஆசிட் 24 கிராமும் 1 லிட்டர் வெந்நீரில் கரைத்து, துளைகளிலும் வெளிற்றிலும் இரண்டு மூன்று முறை தடவலாம். வெறும் மரத்தில்தான் இக்கரைசல் ஊறும். வர்ணத்தின்மேல் தடவுவது வீண். இது உட்கொள்ளத்தக்கதன்று; குழந்தைகளுக்கு எட்டாதபடி வைத்தல் அவசியம்.

4. பூட்டுகளைச் சரிப்படுத்துதல்

ஆடுகின்ற காலுக்கு ஆணி அடிப்பது பெருந்தவறு. ஆணி மரத்தைப் பிளக்கும், துருவும் ஏறும். கழுந்தைத் துளையிலிருந்து மெதுவாகக் கழற்ற வேண்டும். பழைய சாமான்களில் வச்சிரப் பசையே பெரும்பாலும் இருக்கும். வெந்நீர்த் துணி சுற்றினால் அது இளகும். பழைய பசையை முற்றிலும் சுரண்டி எடுத்தாலன்றிப் புதுப்பசை பிடியாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். தச்சரின் வெள்ளைப் பசையைத் தடவிப் பூட்டி, கயிற்றைச் சுற்றிக் கட்டி, இடையே குச்சி செருகி முறுக்கினால் இறுகி நிற்கும். ஒருநாள் முழுவதும் அசைக்கலாகாது.

5. வர்ணமா, மெருகா?

வேலைப்பாடமைந்த நல்ல தேக்கிற்கு வர்ணம் வேண்டுவதில்லை. பூசினால் ரேகை மறையும், விலையும் குறையும். 1 லிட்டர் ஸ்பிரிட்டில் 150 முதல் 200 கிராம் அவலரக்கை ஊறவைத்து வடிகட்டி, துணியால் மெல்லியதாய்ப் பலமுறை பூசுதல் போதும். நெருப்புள்ள இடத்தில் இதைச் செய்யலாகாது.

பல மரம் கலந்ததற்கும், ஒட்டுப்போட்டு நிறம் மாறியதற்கும் வர்ணம் ஏற்றது. முதலில் 80, பின் 120 எண் உப்புத்தாளால் ரேகையின் போக்கில் தேய்த்து, அடிவர்ணம் பூசி, பட்டி பார்த்து, உலர்ந்தபின் 220 எண் தாளால் தேய்க்கவும். அதன்மேல் ஈயமற்றதென்று டப்பாவில் அச்சிட்ட வர்ணத்தை மெல்லியதாய் இருமுறை பூசவும். முதற்பூச்சு முற்றும் உலருமுன் இரண்டாவதைத் தொடங்கலாகாது. சித்திரை வெயிலில் பூசினால் மேற்புறம் மட்டும் காய்ந்து கொப்புளிக்கும். தை, மாசி மாதங்களில் காலை வேளையில் நிழலில் செய்வதே உத்தமம்.

6. ஒரு முக்கிய எச்சரிக்கை

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடலாகாது. அவ்வெண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணியினுள் அச்சூடு பெருகித் தானாகவே தீப்பற்றும். கூரை வீடுகளில் இதனால் விளையக்கூடிய நஷ்டம் சொல்ல வேண்டியதில்லை. துணியைத் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். அல்லது வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்த வேண்டும்.

உப்புத்தாள், ஸ்பிரிட், பசை முதலியவற்றை ஒரு வீட்டிற்கென வாங்கினால் மீதி வீணாகும். சங்க அங்கத்தினர் நால்வர் சேர்ந்து வாங்கி, ஒருவர் வீட்டு நாற்காலியில் முதலில் பழகிக்கொண்டு, பின் மற்றவர் வீட்டு வேலையை மேற்கொள்வது சிக்கனமாகும். பழுதான நாற்காலி ஒன்றைச் செம்மையாகப் பழுதுபார்ப்பவர், அடுத்த தடவை கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்பதையும் அறிந்துகொள்வார்.