மாந்தோப்பு முழுவதும் ஒரே ஆண்டில் ஓய்வது ஏன்?

மல்கோவா, அல்போன்சா போன்ற மா இரகங்கள் ஓராண்டு கிளை தாழக் காய்த்தால் மறு ஆண்டு பெரும்பாலும் ஓய்ந்து விடும். காய்களை வளர்ப்பதில் மரத்தின் மாவுச்சத்து இருப்பு கரைகிறது. புதுத் துளிரும் குறைகிறது. துளிர் முதிர்ந்தால்தான் அடுத்த பருவத்தில் பூ வரும். ஆகவே ஒவ்வொரு மரமும் காய்ப்பு, ஓய்வு என்று தனக்கென ஒரு முறை வைத்துக்கொள்கிறது.

இந்த முறை மரத்துக்கு மரம் மாறியிருந்தால் கவலையில்லை. பாதி மரங்கள் ஓய்ந்தாலும் மறு பாதி கைகொடுக்கும். எல்லா மரங்களும் ஒரே முறைக்கு வந்து விட்டால்தான் தொல்லை. ஓராண்டு காய் குவிந்து விலை சரியும். மறு ஆண்டு விற்கக் காய் இராது.

இதை முடிவு செய்வதில் எதிர்பாராத இடையூறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை இரண்டு வகைப்படும்.

முதல் வகை, தனி மரத்தைத் தாக்குவது. ஒன்றில் கிளை முறியும். வேறொன்றின் பூவைத் தத்துப்பூச்சி அழிக்கும். அந்த மரம் மட்டும் முறை மாறும். இத்தகைய இடையூறு தோப்பின் ஒற்றுமையைக் குலைக்கும்.

இரண்டாம் வகை, எல்லா மரங்களையும் ஒருங்கே தாக்குவது. பூக்கும் தருணத்தில் தொடர் மழை பெய்து பூ முழுவதும் உதிர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். காய்க்க வேண்டிய மரங்களும் அவ்வாண்டு காய்க்காமல் சத்தைச் சேமிக்கின்றன; ஓய்விலிருந்தவையும் சேமிக்கின்றன. மறு ஆண்டு எல்லாம் சேர்ந்து காய்க்கும். அதற்கடுத்த ஆண்டு எல்லாம் சேர்ந்து ஓயும்.

பொதுவான வானிலை இப்படித் தொடர்பற்ற உயிரினங்களையும் ஒன்றுபடுத்தும் என்பதை ஆஸ்திரேலியப் புள்ளியியல் அறிஞர் மோரன் 1953ல் விளக்கினார். கனடாவில் லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனையின் எண்ணிக்கை சுமார் 10 ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதை அவர் ஆராய்ந்தார்.

மரங்களுக்குள் நேரடித் தொடர்பும் இருக்கலாம். கலிபோர்னியாவின் பிஸ்தா தோட்டம் ஒன்றை ஆராய்ந்து 2018ல் வெளியான ஆய்வு, அருகருகே உள்ள மரங்கள் ஒத்துக் காய்ப்பதைக் காட்டியது. வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். தனி மரத்தின் இடையூறு சிறிதானால் இத்தொடர்பு அதை மீண்டும் முறைக்கு இழுத்து விடும்; பெரிதானால் முடியாது.

விவசாயிகள் செய்யத்தக்கவை:

மரத்துக்கு எண்ணிட்டு ஆண்டுதோறும் மகசூலைக் குறித்து வைக்கவும். பூ முழுவதும் கெட்ட ஆண்டை அடுத்து மிகுந்த காய்ப்பும், அதன்பின் ஓய்வும் வரலாம் என எதிர்பார்த்துப் பணத்தைத் திட்டமிடவும்.

ஓய்வு எதிர்பார்க்கப்படும் பருவத்துக்கு முன், செப்டம்பர் முதல் இரு வாரங்களில், 15 வயதைக் கடந்த மரங்களுக்குப் பேக்லோபியூட்ரசால் கொடுக்கலாம். மரம் ஒன்றுக்கு வீரியப் பொருள் 10 கிராம். தோப்பில் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுத்தால் மரங்களின் முறை பிரியும். தோட்டக்கலை அலுவலரைக் கலந்துகொண்டு செய்வது நலம்.

புதிதாக நடுவோர் ஆண்டுதோறும் காய்க்கும் நீலம், பெங்களூரா இரகங்களையும் கலந்து நட்டால், தோப்பு முழுவதும் ஒருசேர ஓயும் நிலையைத் தவிர்க்கலாம்.