பூண்டிக்கு ஏறும் காரில் சப்வூஃபர் பெட்டி: சில குறிப்புகள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் பூண்டிக்குப் போகும் சாலை முழுக்க வளைவும் ஏற்ற இறக்கமும்தான். சமவெளியில் அசையாமல் இருந்த சப்வூஃபர் பெட்டி, இங்கே வளைவுக்கு வளைவு டிக்கிக்குள் இடம் வலமாக நகரும். வேண்டும்போது கழற்றி எடுக்கிற பெட்டி என்பதற்காக அதைக் கட்டாமல் வைக்கவே கூடாது.

1. முதலில் எடையைப் புரிந்துகொள்ளுங்கள். 15 கிலோ பெட்டியுடன் 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதன் மீதாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், பெட்டி ஏறக்குறைய 300 கிலோ எடையின் விசையோடு முன்னால் பாயும். அந்த வழியில் இருப்பது பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் முதுகு. மலையில் காட்டு மாடு குறுக்கே வந்து சடாரென்று பிரேக் போடுவதும் புதிதல்ல.

2. பெட்டியின் நீளமான பக்கம் பின் சீட்டின் முதுகில் ஒட்டியிருக்கும்படி தரையில் வையுங்கள். சீட்டின் உயரத்தைத் தாண்டக் கூடாது. மடக்கும் சீட் என்றால் கொக்கி முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

3. வெல்க்ரோ, ரப்பர் பாய் இரண்டும் பெட்டி வழுக்காமல் இருக்க உதவும், மோதலில் தாங்காது. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு இழுபட்டு நீளும், அதை நம்ப வேண்டாம். லாரியில் சரக்குக் கட்டுகிற ராட்செட் பெல்ட்டில் சிறிய அளவு கிடைக்கும். டிக்கித் தரையில் கம்பெனியே வைத்திருக்கும் உலோக வளையங்களில் மாட்டி, பெட்டியின் மேல் குறுக்காக இரண்டு பெல்ட் போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டிக் கொக்கி பைகள் தொங்கவிடத்தான், அதில் மாட்டாதீர்கள்.

4. வளையம் இல்லாத வண்டியில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடலாம். துளை போடும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. போல்ட்டுக்கு அடிப்பக்கம் அகலமான வாஷர் அவசியம். இல்லையென்றால் மெல்லிய தகடு கிழிந்துவிடும். பெட்டிப் பக்கம் பட்டையைத் திருகிய துளைகளில் காற்று கசிந்தால் பேஸ் கெட்டுப்போகும். சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள்.

5. ஏற்றத்தில் நிறுத்தி டிக்கியைத் திறக்கும்போது கவனம். பெல்ட் தளர்ந்திருந்தால் பெட்டி பின்கதவில் சாய்ந்து காத்திருக்கும், திறந்ததும் காலில் விழும். ஒரு கையைத் தடுப்பாக வைத்துக்கொண்டே திறக்க வேண்டும்.

6. ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றாதீர்கள். பூட்டிக்கொள்ளும் பிளக் போட்டுக்கொள்ளுங்கள். ஆம்ப் உள்ளேயே இருக்கும் பெட்டி என்றால் பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் நேரே வரும். அதில் பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். கழற்றும்போது ஆம்பை அணைத்து, பியூஸை எடுத்துவிட்டுப் பிளக்கைப் பிரியுங்கள். வெறும் முனை வண்டித் தகட்டில் பட்டால் பொறி பறக்கும், தீயும் பிடிக்கலாம்.

7. ஸ்பீக்கர் முகத்துக்கு இரும்பு வலை போடுங்கள். பையின் மூலை ஒன்று போதும், கோன் கிழிய.

8. பூண்டியில் இரவுப் பனி கடுமை. எம்.டி.எஃப். பலகை ஈரம் குடித்தால் உப்பும், திருகுகள் பிடிவிடும். இரவில் பெட்டியைக் கழற்றி அறைக்குள் வைப்பது நல்லது. ஈரத் தரையில் நேராக வைக்காமல் கட்டை மேல் வையுங்கள்.

9. ஸ்டெப்னி பெரும்பாலும் டிக்கித் தரைக்கு அடியில்தான். மழையில் பஞ்சரானால் பெட்டியை எவ்வளவு நேரத்தில் எடுக்க முடியும் என்று வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள்.

10. திரும்பும்போது மலைப்பூண்டோ கேரட்டோ வாங்கினால் மூட்டையைப் பெட்டி மேல் ஏற்றாதீர்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. நசுங்கவும் கூடாது, இறக்கத்தில் முன்னால் பறக்கவும் கூடாது. மூட்டையைத் தரையில் வைத்துத் தனியாகக் கட்டுங்கள்.

11. புதிதாகக் கட்டிய பெல்ட் குலுக்கலில் சற்றுத் தளரும். பூம்பாறையில் டீக்கு நிறுத்தும்போது ஒருமுறை இறுக்குங்கள், மன்னவனூரில் இன்னொரு முறை.